கருவில் ஓடிய ரத்தம்

அன்புள்ள ‘என்னங்க’ அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளை வாலுவும் சுகம். அங்கே எந்திர அறைச் சூடும் கடல் காற்றும் உங்களை என்ன பாடு படுத்துகின்றனவோ தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஈரத் தலையோடு படுக்காதீர்கள். அந்தச் சமையல்கார அண்ணனிடம் உங்களுக்கு உப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் அடுத்த துறைமுகத்தில் கம்பெனி ஆள் கையால் உங்களுக்குக் கிடைக்கும். போனில் பேசலாமே என்பீர்கள். நாம் போனில் பேசுகிற லட்சணம்தான் தெரியுமே. நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, கடைசியில் சிக்னல் போனதா, நீங்களே வைத்துவிட்டீர்களா என்று தெரியாமல் நான் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காகிதம் என்றால் உங்களால் குறுக்கே பேச முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு விஷயத்தை முழுதாகப் பேசி முடிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

முதலில் உங்கள் கோபத்துக்கு வருகிறேன். சபை மூப்பர் உங்களுக்குப் போன் செய்ததும் தெரியும், குடும்ப மானம் கப்பலேறிவிட்டது என்று நீங்கள் அனுப்பிய ஒற்றை வரியும் வந்தது. கப்பலேறியிருந்தால் நேரே உங்களிடம்தான் வந்திருக்கும், பத்திரமாக வைத்திருங்கள், வரும்போது கொண்டு வாருங்கள். மூப்பர் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான்.

போன ஞாயிறு ஆராதனையில், வழக்கம்போல, போதகர் ஐயா ஆளுக்கொரு காரியம் சொல்லி மைக்கில் ஜெபிக்கச் சொன்னார். எனக்குப் பிரயாணத்தில் இருப்பவர்கள். ஐயோ பாவம், சுலபமாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு, கப்பலில் இருப்பவர்களை நினைத்தருளும் என்று தொடங்கினேன். கப்பல் என்றதும் நீங்கள் வந்தீர்கள். நீங்கள் வந்ததும் வாலு வந்தாள். அதற்குப் பிறகு மைக் இருப்பதும் நினைவில்லை, பின்னால் சபை உட்கார்ந்திருப்பதும் நினைவில்லை. சமையலறையில் தனியாக நின்று ஆண்டவரோடு பேசுவதுபோல் பேசிவிட்டேன். “ஆண்டவரே, பிள்ளைக்கு ஒரு வழி இருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இந்த மனுஷன் அது உம்முடைய வேலையில கை வைக்கிறதுன்னு சொல்றார். தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறார். அவர் தலையில நீரே ஒரு குட்டு வையும். பெரியவனைத்தான் எடுத்துக்கிட்டீர், இவளையாவது எங்கிட்ட விட்டுவையும்.” நான் சொன்னது இவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் ஈ எறும்பு அசையவில்லை. ஆமென் சொல்லக்கூட ஆளில்லை. கடைசி வரிசையிலிருந்து நம் வாலு மட்டும் தொண்டை கிழிய ஆமென் என்றாள்.

மூப்பராவது மைக்கை அணைத்திருக்கக்கூடாதா? அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அதற்காகவே அவருக்கு ‘மைக் மூப்பர்’ என்று பெயர். பிள்ளைகள் பாட வந்தால் உடனே சத்தத்தைக் குறைக்கிறவர், அன்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் செய்தது தப்புதான். உங்களை நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் சொன்னது பொய் என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

டாக்டரம்மா சொன்னதை முழுதாக எழுதுகிறேன். போனில் பாதிதான் உங்கள் காதில் விழுந்தது, மீதியை நீங்கள் விழவிடவில்லை. அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் வாலுவுக்கு ரத்தம் ஏற்றும் முறை. அதே அறை, அதே ஜன்னலோர நாற்காலி. நர்ஸம்மா இந்தத் தடவை மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. வாலு வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, “அக்கா, என் கை என்ன, உங்க வீட்டுக் குண்டூசிப் பெட்டியா?” என்று கேட்டாள். அந்த அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வாரக்கணக்கு வைத்து அடுத்தவர் ரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் இரும்பு சேர்கிறது, மாத்திரை கொடுத்தும் கல்லீரலில் நிற்கிறது, நாளாக ஆக இதயத்துக்குப் போகும். பெரியவனுக்கு எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த மரபணு சிகிச்சையைப் பற்றி நிதானமாகச் சொன்னார். நான் துணி ஆல்டரேஷன் செய்கிறவள் ஆயிற்றே, தப்பாக விழுந்த தையலைப் பிரித்து மறுபடி அடிக்கிற மாதிரியா என்று கேட்டேன். அவர், “இல்லம்மா, நாங்க அந்தத் தப்பான தையலைத் தொடவே போறதில்லை” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் விளக்கினார்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போது உடம்பு ஒரு வகை ரத்தம் செய்யுமாம். பிறந்து சில மாதத்தில் அதை நிறுத்திவிட்டு இன்னொரு வகைக்கு மாறிக்கொள்ளுமாம். நம் பிள்ளைகளுக்குக் கோளாறு அந்த இரண்டாவது வகையில்தான். முதல் வகையில் ஒரு குறையும் கிடையாதாம். அதனால்தான் இரண்டும் பிறக்கும்போது கொழுகொழுவென்று பிறந்தன. இப்போது வாலுவின் எலும்புக்குள்ளிருந்து ரத்தம் செய்யும் அணுக்களைக் கொஞ்சம் வெளியே எடுத்து, அந்த முதல் வகையை நிறுத்திவைக்கிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, திரும்ப அவளுக்கே ஏற்றுவார்கள். பழைய ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கும். வெளியிலிருந்து யாருடைய எதையும் கொண்டுவந்து வைக்கப்போவதில்லை. என் வயிற்றுக்குள் அவளுக்கு ஓடிய ரத்தம்தான், என்னங்க. குயவன் செய்த பானையை இன்னொருவன் தட்டக்கூடாது என்றீர்களே, அந்த ரத்தத்தை எந்த மனுஷன் செய்தான்? நானே செய்யவில்லை. நான் பாட்டுக்குக் கடையில் பேண்ட்டுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஆபத்து இல்லை என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். திரும்ப ஏற்றுவதற்கு முன்னால் கடுமையான மருந்து கொடுத்து எலும்புக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும். கிருமி தொற்றக்கூடாது என்று தனி அறையில் வாரக்கணக்கில் வைப்பார்கள். பின்னாளில் பிள்ளை பெறுவதில் சிக்கல் வரலாம், அதற்கு இப்போதே செய்துவைக்கக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. சிகிச்சை புதிது, முப்பது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த மாற்றம் அவள் பிள்ளைகளுக்குப் போகுமா என்று கேட்டேன், போகாது, அவள் ரத்தத்தோடு சரி என்றார். ஆராய்ச்சிக்காகச் செய்வதால் செலவு ஆஸ்பத்திரியுடையது. பன்னிரண்டு வயது ஆனால்தான் சேர்ப்பார்கள், நம்மவளுக்கு ஆகிவிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். தாய் மட்டும் சொன்னால் போதாது, தகப்பனும் எல்லா ஆபத்தையும் காதால் கேட்டுச் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். கப்பல் கரைக்கு வந்ததும் டாக்டரம்மாவே உங்களைக் கூப்பிடுவார்.

அந்த ஞாயிறு முதல் நம் வீட்டுக் கதவு சாத்தியபாடில்லை. முதலில் வந்தவர் மூப்பர்தான். மைக்கை அணைக்காததற்கு வருத்தம் தெரிவிக்க வந்தார் என்று நினைத்தேன், பாபேல் கோபுரத்தைப் பற்றிச் சொல்ல வந்தாராம். மனுஷன் இப்படித்தான் ஒவ்வொரு கல்லாக வைத்து வானத்துக்கு ஏறப் பார்ப்பான், இன்றைக்கு ரத்தம், நாளைக்குக் கண்ணின் நிறம், மறுநாள் மூளை என்றார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் மார்புக்குள் இருக்கும் பேட்டரியும் மனுஷன் வைத்ததுதான். அதைச் சொல்ல வாய் துறுதுறுத்தது. உங்களுக்காக அடக்கிக்கொண்டு தேநீர் கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை மட்டும் போடவில்லை.

ஞாயிறு பள்ளி டீச்சர் வந்ததுதான் எனக்கு மனசில் தைத்தது. அவள் மகனைத் தெரியுமே, வளர்ந்த பிள்ளை, இன்னும் ஷூவுக்குக் கயிறு கட்டத் தெரியாது, வருகிறவர் போகிறவரையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்வான். அவள் மெதுவாகச் சொன்னாள்: “உங்க மகளுக்குச் செய்ங்க, நான் ஜெபிக்கிறேன். ஆனா இப்படியே போனா, என் மகன் மாதிரி ஒருத்தன் பிறக்கவே வேண்டாம்னு ஒருநாள் சொல்லுவாங்கல்ல? அவன் என்ன, திருத்தாம விட்டுப்போன பிழையா?” அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேள்விக்குப் பதில் தெரியாமலே என் பிள்ளைக்கு இதைச் செய்யப்போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செய்யத்தான் போகிறேன்.

போதகர் ஐயா என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். ஜெபத்தில் புருஷனைத் திட்டக்கூடாது என்று ஒன்றும் இல்லை, மைக்கை அணைத்துவிட்டுத் திட்டலாம் என்றார். அவரிடம் நேரடியாகவே கேட்டேன், இது பாவமா இல்லையா என்று. “பிள்ளையைக் குணமாக்குறது வேற, பிள்ளையை ஆர்டர் கொடுத்துச் செய்றது வேற. நடுவுல கோடு எங்க இருக்குன்னு எனக்கும் முழுசாத் தெரியாதும்மா. ஆனா உங்க மக கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறா” என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு போதகர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர் சொன்ன மீதியை நம்பினேன்.

வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, நீங்கள் சுற்றிவிட்டுப் போன ரப்பர் அறுந்துவிட்டது. கடை முதலாளியம்மா வாலு தனி அறையில் இருக்கும் நாட்களுக்கு லீவு தருவதாகச் சொல்லிவிட்டார், ஆனால் அதற்குள் மூன்று கல்யாணக் கவுன்களை முடித்துத் தர வேண்டுமாம். சபை இளைஞர்கள் சில பேர் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்கே போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள். மைக் மூப்பரின் மகனும் அதில் ஒருவன். அப்பாவிடம் சொல்லாமல் வந்தானாம், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வாலு என்ன சொல்கிறாள் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் சொல்வது இது: “அடுத்தவங்க ரத்தத்தை எனக்கு ஏத்துறது சரி, என் ரத்தத்தையே எனக்கு ஏத்துறது தப்பா? அப்பாகிட்ட கேளும்மா.” கேட்டுவிட்டேன். தலைமுடி போவதைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. மொட்டைத் தலைக்குத் தொப்பி தைத்துத் தரச் சொல்லி இப்போதே துணி தேர்ந்தெடுத்துவிட்டாள். கல்யாணக் கவுனில் வெட்டி மிஞ்சிய பட்டுத்துணி. எனக்குப் பிறந்ததா, ராணிக்குப் பிறந்ததா தெரியவில்லை.

இனி எழுதுவதுதான் கஷ்டம். பெரியவன் போன வயசுதான் இவளுக்கு இப்போது. அவனை அடக்கம் பண்ணிய அன்று நீங்கள் தேவசித்தம், தேவசித்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் எழுந்து முகம் கழுவினீர்கள், வேலைக்குப் போனீர்கள், எங்களுக்குச் சோறு போட்டீர்கள். அதை உங்களிடமிருந்து பிடுங்க நான் வரவில்லை, என்னங்க. ஆண்டவர் சத்தியமாக வரவில்லை. எனக்கும் அது தேவைப்பட்டது. இவளைச் சேர்த்துவிட்டால் அவனுக்கு நாம் ஏதோ துரோகம் செய்ததாக ஆகாது. அவனுக்கு அப்போது இது இல்லை. அவ்வளவுதான்.

டாக்டரம்மா கூப்பிடும்போது போனை வைத்துவிடாதீர்கள். உங்களுக்கு முடியாது என்று தோன்றினால் முடியாது என்றே சொல்லுங்கள், நான் அதையும் சுமந்துகொள்வேன். ஆனால் கேட்காமல் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலையும் கையையும் பிடித்துக் கேட்கிறேன்.

காற்றையும் கடலையும் அடக்கினவர் உங்கள் நெஞ்சுக்குள் இருக்கும் புயலையும் அடக்குவாராக.

இப்படிக்கு,
உங்களை மைக்கில் திட்டினாலும்
உங்களையே நம்பியிருக்கும் மனைவி


அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் துறைமுகத்தில் வந்து சேர்ந்தது. உன்னைப்போல் எனக்கு எழுத வராது. பேசவும் வராது என்பாய், அதுவும் சரிதான்.

முதலில் கோபத்தோடுதான் பிரித்தேன். மூணே கால் முயல் வரைக்கும் கோபம் இருந்தது. அந்த இடத்தைச் சமையல்கார அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். இப்போது கப்பலில் எனக்குப் பெயர் முயல். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை கூப்பிடுகிறார்கள். உப்பையும் குறைத்துவிட்டார், வாயில் வைக்க முடியவில்லை.

டாக்டரம்மா கூப்பிட்டார். போனை வைக்கவில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றையும் கேட்டேன், சில இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னேன். மூப்பர் பயப்படுவது முழுக்கத் தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. டீச்சர் கேட்ட கேள்வியும் நெஞ்சிலேயே நிற்கிறது. அந்தப் பையன் என்னையும்தான் கட்டிப்பிடிப்பான். போதகர் சொன்ன கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் வாலு எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது தெரிகிறது.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? என் பயம் ஆண்டவர் கோபித்துக்கொள்வார் என்பது அல்ல. இவளுக்கு இது சரி என்றால் அவனுக்கு நடந்தது என்ன? தேவசித்தம் என்று சொல்லித்தானே அவனை மண்ணில் வைத்தேன். வெறுமனே மருந்து வருவதற்கு முன்னால் பிறந்துவிட்டான் என்றால், அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இதைத்தான் உன்னிடம் சொல்லத் தெரியாமல் பானை, குயவன் என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். என் மகன் இன்றைக்கு இருந்திருந்தால் அவனுக்கும் செய்திருப்பீர்களா என்று. “அவனைத்தான் முதல்ல கூப்பிட்டிருப்போம் சார்” என்றார். அதற்குப் பிறகு எந்திர அறைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. அங்கே சத்தத்தில் யாருக்கும் கேட்காது. எழுந்து வந்து டாக்டரம்மாவை நானே கூப்பிட்டுச் சம்மதம் என்றேன்.

கம்பெனியிடம் லீவு கேட்டிருக்கிறேன், மாற்று ஆள் அடுத்த துறைமுகத்தில் ஏறுகிறான். தனி அறையில் ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றால் அது நான். நீ உன் மூன்று கவுன்களையும் முடி. குழாயைத் தொடாதே, நான் வந்து பார்க்கிறேன். வாலுவின் தலையில் என் கையை வைப்பதாக நினைத்து உன் கையை வைத்து, ஆண்டவர் உன்னைக் காப்பாராக என்று சொல். அவள் முடி கொட்டுவதற்குள் ஒருமுறை நானே சீவிவிட வேண்டும், சொல்லிவை.

ஒரே ஒரு காரியம் உன்னிடம் கேட்கிறேன். நான் வந்து சேரும்வரை நீ கல்லறைக்குப் போகாதே. இந்தத் தடவை அவனிடம் நான்தான் முதலில் பேச வேண்டும். தேவசித்தம் என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, “உன் தங்கச்சி பொழச்சுக்குவாடா” என்று மட்டும் சொல்வேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா